சொல்லும் சான்றும்
தமிழ் அகராதியாசிரியர் பொருளையும் ஒலிப்பையும் தெளிந்த வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அகராதியைப் புரட்டிப் பார்ப்போர் பலர். அதில் கூறப்பட்ட பொருளை அகராதியாசிரியர் எவ்வாறு அறிந்தார் என வினவுவோர் மிகச் சிலரே. ஐயம் தோன்றியவிடத்து அகராதியை நீதிபதியாகக் கொண்டு அதன் தீர்ப்புக்குத் தலைவணங்குவது கற்றோர் வழக்கமாயிற்று. ஆயின் அந்நீதிபதியும் சாட்சிகளை விசாரித்தே தீர்ப்புரைக்கின்றார். அச்சாட்சிகள் யாவர்? அவர்தம் கூற்று எவ்வாறு சோதிக்கப்பட்டது? சாட்சியே இல்லாதவிடத்து யாது செய்தனர்? இவ்வினாக்களைக் கொண்டு தமிழ் அகராதிகளின் வரலாற்றை நோக்குவோமாயின், அது நூற்பெயர்களும் ஆண்டுகளும் அடுக்கிய வெறும் பட்டியலாக அமையாது, அறிவைத் தேடிய ஒரு நெடும் முயற்சியின் வரலாறாக விளங்கும். அம்முயற்சியில் ஈழநாட்டுக்கும், சிறப்பாக யாழ்ப்பாணத்துக்கும், உரிய பங்கு சிறிதன்று. அப்பங்கையும், அதில் இன்னும் நிறைவு பெறாத ஒரு கடமையையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகண்டு மரபு

சொற்பொருள் கூறும் முயற்சி தமிழில் தொல்காப்பிய உரியியலிலேயே காணப்படுகின்றது. எல்லோர்க்கும் வெளிப்படையாக விளங்கும் சொற்களை விளக்க வேண்டியதில்லை என்றும், எளிதில் விளங்காத சொற்களையே எடுத்துரைக்க வேண்டும் என்றும் தொல்காப்பியர் அவ்வியலிற் கருதுகின்றார். ஒரு பொருளுக்குப் பொருள், அப்பொருளுக்கும் பொருள் என்று கேட்டுக்கொண்டே செல்லின் அதற்கு எல்லை இராது என்பதும் அவர் உணர்ந்த உண்மை. இன்றைய அகராதியாசிரியர் அஞ்சுகின்ற சுழல் விளக்கம் என்னும் குற்றத்தின் வேரை அவர் அன்றே கண்டுகொண்டார் எனலாம்.

பின்னர்த் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் எழுந்தன. திவாகரத்தின் பன்னிரு தொகுதிகளுட் பெரும்பாலன தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்றவாறு பொருள்வகையால் அமைந்தன. ஒரு சொல் பல பொருள் குறிப்பதைக் கூறும் தொகுதி தனியே வைக்கப்பட்டது. மண்டலபுருடர் தமது சூடாமணி நிகண்டில் அத்தொகுதியை எதுகை வரிசையில் அமைத்தார். கற்போன் செய்யுளை மனனஞ் செய்துவிட்டால் சொல்லும் பொருளும் நெஞ்சில் நிலைக்கும். செய்யுளின் கட்டமைப்பு சொல்லின் வடிவையும் ஓரளவு காத்தது.

ஆனால் நிகண்டு தன் கூற்றுக்குச் சான்று காட்டவில்லை. இச்சொல் இப்பொருளில் எந்நூலில், எவ்விடத்தில் வந்தது என்பதை அது கூறாது. ஆசிரியரின் புலமையும் குருபரம்பரையின் நம்பிக்கையுமே அங்கே சான்றாக அமைந்தன. அக்கல்வி முறைக்கு அது போதியதாகவே இருந்தது. மாணவன் நிகண்டைக் கற்றபின் இலக்கியத்தை ஆசிரியர் முன்னிலையிற் கற்றான். பொருத்தமான பொருளை ஆசிரியரே எடுத்துக் காட்டினார். நிகண்டு தனித்து நின்று பேசவேண்டிய தேவை அன்று எழவில்லை.

அகரவரிசையும் அயலவர் முயற்சியும்

1594ஆம் ஆண்டளவில் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்தது. அகராதி என்ற பெயரே அகரத்தை ஆதியாக உடையது என்னும் பொருளில் வழங்கலாயிற்று. தமிழ் மரபில் வளராது தமிழைப் புதிதாகக் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமாருக்கு இவ்வரிசை பெரிதும் வேண்டப்பட்டது.

அந்தாவோ தே புறொயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி, அவர் மறைந்தபின் 1679இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் ஈழம் தந்த தனிநாயகம் அடிகளார். அந்நூலின் மறுபதிப்பு 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மக்கள் வாயில் வழங்கிய சொற்களுக்கு அந்நூல் அரியதொரு சாட்சி. பாதிரியார் மக்களோடு உரையாடவும் அவர்க்கு உபதேசம் செய்யவும் வந்தவர். ஆதலால் நிகண்டுகள் இழிசனர் வழக்கென ஒதுக்கிய சொற்களும் அவர்க்கு இன்றியமையாதனவாயின. பேச்சுவழக்கு அகராதியில் இடம்பெற்றது சமயப் பணியின் தேவையால் விளைந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளை உடையது. பெயரகராதியில் ஒரு சொல்லுக்குரிய பொருள்களும், பொருளகராதியில் ஒரு பொருளுக்குரிய பெயர்களும் கூறப்பட்டன. இவ்விரண்டையும் ஒப்புநோக்குவோர் ஒன்றன் குறையை மற்றொன்றால் அறியலாம். நிகண்டுச் செய்யுளில் அடங்கிக் கிடந்த செல்வம் இவ்வாறு அகரவரிசைப்பட்டது. ஆயினும் மேற்கோள் காட்டும் முறை இன்னும் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்தின் பங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அகராதிப் பணியின் நடுநிலையமாக யாழ்ப்பாணம் விளங்கிற்று. அமெரிக்க மிசன் 1816இல் இங்கே பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டது. நல்லூரில் பணியாற்றிய யோசேப்பு நைற் பாதிரியார் பெரியதோர் அகராதிக்கான சொற்களைத் திரட்டி வந்தார். அவர் இறக்கவே, திரட்டிய ஏடுகள் அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் கைக்கு வந்தன. அத்திரட்டை அடித்தளமாகக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட அகராதிகள் எழுந்தன.

அவற்றுள் தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் அகராதி 1842இல் வெளிவந்தது. மானிப்பாய் மிசன் அச்சகத்தோடு தொடர்புடையதாதலின் அது மானிப்பாய் அகராதி எனவும், யாழ்ப்பாண அகராதி எனவும் வழங்கலாயிற்று. அதில் 58,500 சொற்கள் வரை அடங்கியுள்ளன என்பர். அப்பணியில் பெரும்பங்கு கொண்டவர் உடுவில் சந்திரசேகர பண்டிதர். பாதிரிமாரின் ஒழுங்கும் அச்சியந்திரமும் ஒருபுறம், நிகண்டும் இலக்கணமும் கரைகண்ட பண்டிதரின் புலமை மறுபுறம். இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் அவ்வகராதி பிறந்தது. பாதிரிமாரின் பெயர்களை நூல்வரலாறுகள் விரிவாகப் பேசுகின்றன. சொல்லுக்குச் சொல் இருந்து பொருள் கூறிய பண்டிதர்களின் பெயர்கள் அத்துணை விளக்கமாகப் பேசப்படுவதில்லை. அகராதி வரலாற்றை எழுதுவோர் இக்குறையை நீக்குதல் வேண்டும்.

நைற் திரட்டிய ஏடுகளிலிருந்து தொடங்கிய மற்றொரு பணியை உவின்சுலோ பாதிரியார் நிறைவு செய்தார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிச் சென்னைக்குச் சென்ற அவர், 1862இல் அங்கே தமிழ்-ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்டார். 67,000க்கு மேற்பட்ட சொற்களை உடைய அந்நூல் உயர்ந்தோர் தமிழையும் பொதுமக்கள் தமிழையும் ஒருங்கே கூறுவது. இடவழக்கான சொற்கள் அவ்வாறே குறிக்கப்பட்டன. இக்குறிப்பு சிறிதெனினும் அகராதிக் கலையில் ஒரு வளர்ச்சிப் படியாகும். ஒரு சொல்லின் பொருளோடு, அச்சொல் எங்கே, யாரிடத்தே வழங்குவது என்பதையும் அகராதியாசிரியர் கூறவேண்டும் என்ற கொள்கை அதில் வெளிப்படுகின்றது.

இதன்பின் யாழ்ப்பாணத்து அறிஞர் பலர் இத்துறையில் உழைத்தனர். புலோலி நா. கதிரைவேற்பிள்ளையின் தமிழ்ப் பேரகராதி 1899இல் வந்தது. கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியை அவர் மறைவின் பின் மதுரைத் தமிழ்ச்சங்கம் 1910க்கும் 1923க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் இலக்கியச் சொல்லகராதி செய்தார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1938 முதல் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டு, அது முற்றுப்பெறுமுன் 1947இல் மறைந்தார்.

மேற்கோள் என்னும் உரைகல்

ஒரு சொல்லின் பொருளுக்கு அச்சொல் வந்த இடத்தையே சான்றாகக் காட்டும் முறை தமிழில் முழுவளர்ச்சி பெற்றது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலேயே. உவின்சுலோ அகராதியைத் திருத்தி விரிக்க வேண்டும் என்ற போப்பையரின் விருப்பம் இதற்கு வித்தாயிற்று. சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913இல் மதுரையில் வேலை தொடங்கிற்று. பின்னர்ச் சென்னைக்கு மாறிற்று. 1926 முதல் 1936 வரை ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து பணியை முடித்தார். தலைமைத் தமிழ்ப் பண்டிதராக மு. இராகவையங்கார் பணிபுரிந்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும், 1939இல் அநுபந்தமும் வெளிவந்து, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தமிழுலகம் பெற்றது.

இத்தகைய முறைக்கு ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி முன்மாதிரியாக விளங்கிற்று. 1879இல் யேம்ஸ் மறே அதன் ஆசிரியரானார். முதற்பகுதி 1884இலும் இறுதிப்பகுதி 1928இலும் வெளிவந்தன. நூல்களை வாசித்த தொண்டர்கள் ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடும் நூற்குறிப்போடும் சிறு சீட்டுகளில் எழுதி அனுப்பினர். ஆசிரியர் அச்சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கி, எவ்வெவ் வாக்கியங்கள் ஒரே பொருளைத் தருகின்றன, எங்கே பொருள் திரிகின்றது என நோக்கினார். முதலிற் பொருளைத் தீர்மானித்துப் பின் மேற்கோள் தேடுவது அம்முறையன்று. மேற்கோள்கள் முன்னே நிற்க, அவற்றிலிருந்து பொருள் பிறக்கின்றது.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாற்றம் என்ற சொல்லை இன்று தீநாற்றம் என்ற பொருளிலேயே பெரிதும் வழங்குகின்றோம். திருக்குறளிலோ அது அரும்பினுள் அடங்கிய நறுமணத்தைக் குறிக்க வருகின்றது. இன்றைய வழக்கை மட்டும் அறிந்த ஒருவர் பொருள் எழுதின் பழைய இலக்கியம் விளங்காது. பழைய பொருளை மட்டும் எழுதின் இன்றைய வழக்குப் பொய்யாகும். மணம் என்ற பொதுப்பொருள், நறுமணம், தீநாற்றம் என்னும் பொருள்களைச் சான்றோடு தனித்தனி காட்டும்போதே சொல்லின் வரலாறு புலனாகின்றது.

பேரகராதியின் நேர்மை மற்றொரு வகையிலும் வெளிப்படுகின்றது. இலக்கியச் சான்று கிடைத்தவிடத்து நூற்பெயரையும் செய்யுளெண்ணையும் தந்தனர். அது கிடையாதவிடத்துச் சொல்லைத் தள்ளிவிடவும் இல்லை. தாமே கண்டதாகப் பாராட்டவும் இல்லை. உவின்சுலோவின் அகராதியிலிருந்து மட்டுமே ஒரு சொல் அறியப்பட்டதாயின், அவர் பெயரின் முதலெழுத்தை இட்டு அதனைத் தெரிவித்தனர். வாசகன் அக்குறியைக் கண்டதும், இச்சொல்லுக்கு ஒரு சாட்சி மட்டுமே உளது, அச்சாட்சியும் முந்திய அகராதியே என்பதை அறிந்துகொள்வான்.

இந்த எச்சரிக்கை எத்துணை இன்றியமையாதது என்பதை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று காட்டும். அடர்த்தி என்னும் பௌதிகச் சொல்லுக்கு டி என்ற எழுத்து பெரியதாகவோ சிறியதாகவோ குறுக்கமாக வரும் என்று எழுதிய சீட்டு ஒன்று வெப்ஸ்ரர் அகராதி அலுவலகத்திற் பிறழ வாசிக்கப்பட்டது. அவ்வெழுத்துகளும் இடையில் நின்ற 'அல்லது' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் ஒன்றாக இணைந்து 'டோர்ட்' என்ற புதுச்சொல்லாயின. 1934ஆம் ஆண்டுப் பதிப்பில் அது அச்சேறிற்று. சொல்லுக்குப் பிறப்பு வரலாறு இல்லாமை கண்டு ஐயுற்ற பதிப்பாசிரியர் ஒருவர் 1939இல் பிழையைக் கண்டுபிடித்தார். யாரும் பேசாத, யாரும் எழுதாத ஒரு சொல் பல ஆண்டுக் காலம் அகராதியில் வாழ்ந்தது. அகராதியைப் பார்த்து அகராதி எழுதுவோர் இத்தகைய சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்திவிடல் கூடும்.

ஏட்டின் மயக்கமும் யாப்பின் துணையும்

தமிழ் அகராதியாசிரியர்க்கு வேறொரு இடர்ப்பாடும் இருந்தது. அவர்தம் சாட்சிகளுட் பல பனையோலை ஏடுகள். ஏட்டிற் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவாய் இருந்தன. ஆதலால் ஏட்டில் உள்ளது எரியா, ஏரியா, கொடுவா, கோடுவா என்பதை எழுத்தை மட்டும் நோக்கித் துணிதல் இயலாது.

இவ்விடத்தில் யாப்பு துணைபுரிந்தது. எரி என்பது நிரையசை. ஏரி என்பது நேரசை இரண்டு. செய்யுளின் சீர் எதனை வேண்டுகின்றதோ அதுவே பாடம். அவ்வாறே அரை, அறை என்பவற்றுள் எது என்ற ஐயத்தை எதுகை தீர்க்கும். இயைந்த அடியின் இரண்டாம் எழுத்து றகரமாயின் இங்கும் றகரமே வரவேண்டும். எதுகையில் முதலெழுத்துகள் அளவொத்து நிற்க வேண்டுமாதலின் குறில் நெடில் மயக்கமும் அதனால் நீங்கும். இவ்வாறு நோக்கின், நமது செய்யுள் மரபு சொல்லின் ஒலிப்பைப் பல நூற்றாண்டு காத்து வந்த ஒரு பேழை என்பது விளங்கும்.

ஒலிப்பைக் காட்டும் சிக்கல்

தமிழ்ச் சொல்லுக்கு ஒலிப்புக் குறிக்க வேண்டியதில்லை, எழுதியவாறே வாசிக்கலாம் என்பர் சிலர். இஃது ஓரளவுக்கே உண்மை. க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்துகள் சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வலிந்தும், மெல்லெழுத்தை அடுத்து மெலிந்தும், உயிர்களுக்கு இடையில் நெகிழ்ந்தும் ஒலிக்கும். தூய தமிழ்ச் சொற்களில் இடமே ஒலியைத் தீர்மானிப்பதால் தனிக்குறி வேண்டியதில்லை. வடசொற்களும் பிறமொழிச் சொற்களும் வந்து கலந்தபோது இவ்வொழுங்கு குலைந்தது. பாவம் என்று எழுதுகின்றோம். தீவினையைக் குறிப்பது ஒன்று. நடனத்திலும் பாட்டிலும் வெளிப்படும் மெய்ப்பாட்டைக் குறிப்பது மற்றொன்று. எழுத்து ஒன்றே, கற்றோர் ஒலிப்பு இரண்டு. பேரகராதி இவற்றை இரு தலைச்சொற்களாகப் பிரித்து எண்ணிட்டு, ஒன்றனை வடமொழிப் பாபத்திலிருந்தும் மற்றதனை வடமொழியின் வேறொரு சொல்லிலிருந்தும் வந்ததாகக் காட்டுகின்றது. ரோமன் எழுத்திற் பெயர்த்தபோதும் எழுத்துக்கு எழுத்தே பெயர்த்தமையால் இரண்டும் ஒரே வடிவாய் நின்றன. வேற்றுமையைச் சொற்பிறப்பு வழியே வாசகன் உய்த்துணர வேண்டும்.

சொற்பிறப்புக் காட்டிய முறை பற்றியும் கண்டனங்கள் எழுந்தன. தமிழ்ச் சொற்கள் பலவற்றைப் பேரகராதி வடமொழியின்பாற் சார்த்திவிட்டது எனத் தேவநேயப் பாவாணர் வன்மையாகக் கண்டித்தார். தமிழகத்தில் 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவர் கொள்கைவழி எழுந்ததே. அவர் முடிபுகள் யாவற்றையும் ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். ஒலிப்பைப் பற்றிய குறிப்பு சொற்பிறப்பைச் சார்ந்து நிற்கும்வரை, ஒன்றில் எழும் வழக்கு மற்றொன்றையும் பாதிக்கும் என்பதே நாம் இங்கு அறியவேண்டுவது.

நம் நாட்டு வழக்கு இச்சிக்கலை மேலும் வளர்க்கின்றது. யாழ்ப்பாணத்தார் காற்று, நேற்று என்னும் சொற்களில் றகர இரட்டிப்பைப் பல்லின் அண்பல் ஒலியாகவே உச்சரிப்பர். தமிழகப் பேச்சுவழக்குகள் பலவற்றில் அது தகர இரட்டிப்பாகிவிட்டது. மறுபுறம், யாழ்ப்பாணப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே ஒருவர் வாயிலிருந்து முதன்முறை கேட்ட சொல்லை ழகரத்தால் எழுதுவதா ளகரத்தால் எழுதுவதா என்பதைக் காதைக் கொண்டு மட்டும் துணிய முடியாது. ஆங்கிலச் சொற்களை எழுதும் முறையிலும் வேற்றுமை உண்டு. தமிழகத்தார் டெலிபோன் என்று எழுதுவதை நம்மவர் ரெலிபோன் என்று எழுதினர். ஒரே சொல் அகராதியில் டகரத்திலும் ரகரத்திலும் இருவேறு இடங்களைப் பெறுகின்றது. ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்டாத அகராதியிற் சொல்லைத் தேடுவோன் அதனைக் காணாது மீள்வான்.

பொருளை நுணுகுதல்

பொருள் கூறுதலில் நிகழும் பெரும்பிழை பொருந்தாததைக் கூறுதலன்று; போதாததைக் கூறுதலே. பனைவளம் மிக்க வடபகுதியில் வழங்கும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒடியல் என்பதற்கு 'உலர்ந்த பனங்கிழங்கு' என ஒருவர் பொருள் எழுதுகின்றார் எனக் கொள்க. அது பொய்யன்று. ஆனால் புழுக்கொடியலும் உலர்ந்த பனங்கிழங்கே. பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல்; அவித்துப் பின் உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவிற் கூழும் பிட்டும் ஆக்குவர். புழுக்கொடியலை அப்படியே கடித்து உண்பர். அவிக்கப்பட்டதா இல்லையா என்ற ஒரு குறிப்பு விடுபட்டால் இரு சொற்களின் எல்லை அழிந்துவிடுகின்றது. இவ்வெல்லையைப் புத்தகத்தில் தேடிக் காண்பதரிது. கிழங்கு கிண்டிப் பிளந்து காயவைத்த ஒரு மூதாட்டி ஒரு வாக்கியத்தில் அதனைத் தெளிவித்துவிடுவார்.

பொதுச்சொற்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. உரையாடுதலைக் கதைத்தல் என்கின்றோம். பேசுதல் என்பது நம்மிடத்தே ஏசுதல் என்ற பொருளையும் தரும். தமிழக வாசகன் ஒருவன் நம் சிறுகதையில் 'அம்மா பேசினா' என்று வருவதை உரையாடினாள் என விளங்கிக்கொண்டால், கதையின் நிகழ்ச்சியே அவனுக்குத் தவறிவிடும். கதிரை என்பது போர்த்துக்கேயர் தந்த ஆசனப் பெயர். கதிர்காமத்துக்கும் கதிரை என்ற பெயர் உண்டு. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. பாணும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் தந்தவை. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்ற சொல் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பாரும், குதிரை கட்டும் லாயத்தின் திரிபு என்பாரும் உளர். இரண்டிலும் ஒரு சமூகத்தின் துயர வரலாறு அடங்கியுள்ளமையால், எழுத்தொப்புமை ஒன்றைக் கொண்டு அவசரப்பட்டு முடிவு கூறலாகாது. பழைய ஆவணங்களையும் முதியோர் வாய்மொழியையும் ஒருங்கு வைத்தே அதனை ஆராய்தல் வேண்டும்.

நம் முன்னுள்ள கடமை

சென்னைப் பேரகராதி யாழ்ப்பாண வழக்குக்கு ஒரு தனிக்குறியை ஏற்படுத்தி நம் சொற்கள் பலவற்றுக்கு இடமளித்தது. அது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் அச்சொற்களுட் பலவற்றுக்குச் சான்றாக நின்றது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரிமாரின் அகராதியே. சொல்லை வழங்கிய மக்கள் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படவில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட நானாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சுமொழியை அச்சேற்றியபோது, பிற்கால அகராதியாசிரியர்க்கு அரியதொரு சான்றையும் தந்தார். பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறையில் ஆராய்ந்து அதன் ஒலியமைப்பை விளக்கினார். தமிழகத்தில் 1992இல் முதற்பதிப்பாகவும் 2008இலும் 2020இலும் திருந்திய பதிப்புகளாகவும் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இக்கால எழுத்துகளிலிருந்து சான்று திரட்டி, இலங்கை வழக்குகளையும் குறித்துக் காட்டியது. இவை யாவும் நல்ல தொடக்கங்கள்.

எனினும் இலங்கைத் தமிழ் என்பது யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் அன்று. மட்டக்களப்பார் மறுகா என்பதும் கிறுகு என்பதும், முஸ்லிம் மக்கள் தம் உறவினரை வாப்பா, உம்மா, ராத்தா என அழைப்பதும், மலையகத்தார் பெரட்டுக்குப் போவதும் அவ்வப்பகுதி மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்த வழக்குகள். வன்னியின் வேளாண்மைச் சொற்களும் கரையோரத்து மீன்பிடிச் சொற்களும் இன்னும் முறையாகத் திரட்டப்பட வேண்டியன. போரும் இடப்பெயர்வும் ஊர்களைக் கலைத்தன. ஒரே ஊரார் வன்னியிலும் கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிதறி வாழ்கின்றனர். ஒரு தொழில் கைவிடப்படும்போது அத்தொழிலின் சொற்களும் மெல்ல மறைகின்றன. துலா மிதித்து நீர் இறைத்தவர் ஒருவரும் இல்லாத காலத்தில், துலாவின் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்களை யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது? ஓலைச்சுவடி அழிந்தால் அதன் படியை வேறிடத்தில் தேடலாம். வாய்மொழிச் சாட்சி மறைந்தால் அதற்குப் படி இல்லை.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வருகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் பத்துச் சொற்களைத் திரட்டி வருதல் அரிதன்று. ஆனால் திரட்டும் முறை செம்மையாக இருத்தல் வேண்டும். சொல்லைத் தனியே எழுதாது, அது வந்த வாக்கியத்தோடு எழுதுக. சொன்னவரின் ஊர், வயது, தொழில் ஆகியவற்றைக் குறிக்க. ஒலிப்பதிவு செய்க, ஏனெனில் ழகர ளகர மயக்கத்தைப் பின்னர் ஆராய்வோர்க்கு எழுத்தைக் காட்டிலும் குரலே உதவும். முதலாமவர் கூறியதை அறியாத இரண்டாமவரிடம் அதே பொருளைக் காட்டிப் பெயர் கேட்க. இருவர் கூற்றும் முரண்படின் இரண்டையும் எழுதிவைக்க. நமக்கு உவப்பானதைத் தெரிந்து மற்றதை அழித்துவிடலாகாது. அகராதியில் முன்னரே உள்ள சொல்லாயினும், ஒரே ஒரு பழைய அகராதியை மட்டும் சான்றாகக் கொண்டு நிற்பதாயின் அதனையும் கேட்டுப் பார்க்க. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதியது சரியென உறுதிப்படலாம், திருத்தமும் பெறலாம். இரண்டும் பயனுடையனவே.

சந்திரசேகர பண்டிதர் காலத்தில் அச்சியந்திரம் நம் மண்ணுக்குப் புதியது. வசதிகளோ மிகக் குறைவு. அந்நிலையிலும் அவர்கள் ஆயிரமாயிரம் சொற்களைத் திரட்டி ஒழுங்குபடுத்திப் பொருளெழுதிச் சென்றனர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு வேண்டிய கல்வியும் கருவிகளும் நம்மிடம் உள்ளன. சாட்சி கூற வல்ல முதியோரும் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். அவர்களை அணுகிக் கேட்டு, கேட்டதைப் பிழையின்றிப் பதிந்து வைப்பது, தமிழைப் பயிலும் நம் தலைமுறைக்கு உரிய முதற்கடன்.